வசனம் இல்லாத இடங்கள்

ஜப்பான்காரர்களுக்கு அழத் தெரியாது என்பதுதான் அவள் முதலில் கண்டுபிடித்த விஷயம். அதாவது, மற்றத் தொடர்களில் அழுகிற மாதிரி அழத் தெரியாது. மற்றத் தொடர்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தால் காமிரா மூன்று திசையிலிருந்து அவள் முகத்துக்கு ஓடி வரும், இடி இடிக்கும், நடுவில் சோப்பு விளம்பரம் வந்துவிட்டுப் போகும், அப்போதும் அவள் விட்ட இடத்திலிருந்து அழுதுகொண்டிருப்பாள். இந்த ஜப்பான் தொடரில் அப்படியில்லை. ஒருத்திக்கு அழுகை வந்தால் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய கோப்பையை மறுபடி கழுவுகிறாள். தோள் ஒரு தடவை ஏறி இறங்குகிறது. அவ்வளவுதான். குழாயை மூடிவிட்டுத் திரும்பினால் முகம் துடைத்த மாதிரி இருக்கிறது.

"இதெல்லாம் ஒரு அழுகையா?" என்று முதல் நாள் அவள் அலுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் குழாய்ச் சத்தம் கேட்டாலே முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் ஒரு மருந்துக்கடையில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவள். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் படித்துவிடுவாள் என்று பேர். அப்படிப்பட்டவளுக்கு டிவியின் அடியில் அச்சடித்தது போல ஓடும் இங்கிலீஷ் எழுத்து எம்மாத்திரம்? தான் படித்ததோடு நிற்காமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவருக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். அவருக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும், யாரோ நடக்கிறார்கள் என்பது தெரியும். எழுத்து தெரியாது, முகமும் தெரியாது.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கம்பெனியில் அவருக்குப் பேரே 'காது'. மற்றவர்கள் டார்ச்சும் மீட்டரும் எடுத்துக்கொண்டு போவார்கள். இவர் லிஃப்டுக்குள் ஏறிக் கதவை மூடிக்கொண்டு, மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை போய் வருவார். வெளியே வந்து, பிரேக்கில் தேய்மானம், அல்லது இன்ன மாடிக் கதவின் உருளையில் விரிசல் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இப்போதும் அவர்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடியில் உட்கார்ந்தபடியே, லிஃப்டில் வருவது யார் என்று அது நிற்கிற தோரணையில் சொல்லிவிடுவார்.

அந்தக் காது இருந்த மனுஷனுக்குக் கண்ணைப் பற்றி அக்கறை இல்லாமல் போனது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, தினமும் சொட்டு மருந்து விட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வலி இல்லை, எரிச்சல் இல்லை, பிறகு எதற்கு மருந்து என்று இவர் கேட்டார். மகள்தான் விடாமல் சண்டை போட்டாள். முப்பது தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பேர் பாப்பாதான். "இப்படியே விட்டா ஒரு நாள் எம் மூஞ்சி கூடத் தெரியாதுப்பா" என்றாள். எனக்குப் புத்தி சொல்கிற வேலையை உன் வீட்டோடு வைத்துக்கொள் என்றார் அவர். மருந்துக்கடைக்காரி இரண்டு பேருக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் அந்த மருந்தைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தவள், சொந்த வீட்டில் அது மூடி திறக்காமலே காலாவதி ஆவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு குறுகுறுக்கும்.

பாப்பா சொன்னது அப்படியே நடந்தது. போன பார்வை போனதுதான், இனிமேலாவது மருந்து விட்டு இருக்கிறதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்த அன்று, பாப்பா 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கையை உதறிவிட்டு, கண் போனவனை வேடிக்கை பார்க்க யாரும் வீட்டுக்கு வர வேண்டாம் என்றார். அதோடு பேச்சு நின்றது. பாப்பா தினமும் அம்மாவுக்குப் போன் செய்வாள். போன் அடித்ததும் அவர் சுவரைத் தடவிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்.

இப்போது பாப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை. மூன்று வருஷ ஒப்பந்தம், வரும் சனிக்கிழமை விமானம். போவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து போ என்று அம்மா கெஞ்சினாள். பாப்பா யோசித்துத்தான் பதில் சொன்னாள். "அப்பா வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்மா, வர்றேன். சொல்லாம வந்து நின்னா அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

ஒரு வார்த்தை. அதிலும் ஓரெழுத்து. ஆனால் அதை அவர் வாயிலிருந்து வரவழைப்பதைவிட நின்றுபோன லிஃப்டைக் கையால் இழுத்து மேலே ஏற்றிவிடலாம். நேராகக் கேட்டால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் வரும் என்று அவளுக்குப் பயம். அந்த நேரத்தில்தான் இந்தத் தொடர் அவள் கண்ணில் பட்டது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. சின்ன ரயில் நிலையம், அதில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சிக்னலை நோக்கி விரலை நீட்டுகிறவர். வண்டியில் கூட்டமே வருவதில்லை, இந்த நிலையத்தை மூடத்தான் போகிறார்கள், இப்போதே வேறு ஊருக்கு மாற்றல் கேளுங்கள் என்று மகள் சொல்கிறாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் நிலையத்தை மூடும் உத்தரவு வந்துவிடுகிறது. மகள் சொன்னது பலித்துவிட்டதே என்று அவர் மகளோடு பேச்சை நிறுத்திவிடுகிறார். இரண்டாவது பாகம் முடிவதற்குள் அவளுக்குப் பொறி தட்டியது. இந்த ஆளை எனக்குத் தெரியுமே, பக்கத்து நாற்காலியில்தானே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இரண்டு பேரும் உட்காருவார்கள். அவளுடைய தமிழில் ஸ்டேஷன் மாஸ்டரும் போர்ட்டரும் பக்கத்து வீட்டு அம்மாவும் மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்பவர்கள் மாதிரியே பேசுவார்கள். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று ஒரு ரயில்வே அதிகாரி கேட்டதாக ஒரு நாள் சொல்லிவிட்டாள். வண்டியை எதற்கு முன்னாடி அனுப்புவது என்பதுதான் அங்கே பேச்சு. கணவர் சிரித்தார், திருத்தவில்லை.

பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்த ஜனங்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று. எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிறார்கள், ஆனால் கேட்க வேண்டிய ஒரே ஆளிடம் கேட்பதில்லை. வீட்டுக்குள் நுழைகிறவர் வாசலிலேயே 'வந்துட்டேன்' என்று குரல் கொடுக்கிறார், உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் கொடுக்கிறார். செருப்பைக் கழற்றி, மறுபடி போகும்போது வசதியாக வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கிறார். காதலிக்கிறவர்கள் கையைப் பிடிப்பதற்குள் பார்க்கிறவருக்கு நரைத்துவிடும். இவளுக்குச் சிலசமயம் டிவிக்குள் கையை விட்டு இரண்டு பேரையும் சேர்த்து முட்டவிடலாமா என்றிருக்கும். எல்லாவற்றையும் விட, பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கிறார்கள். சும்மா இருக்கிறார்கள், மழை பெய்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, எழுத்து ஓட வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது.

அந்தக் காலி இடத்தில்தான் அவள் கைவரிசையைக் காட்டினாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி. எதிரே மகளின் நாற்காலி காலி. அவர் கைகூப்பிவிட்டுச் சாப்பிட ஆரம்பிக்கிறார், மென்றுகொண்டே நாற்காலியைப் பார்க்கிறார், ஒரு வார்த்தை இல்லை. "என்ன சொல்றான்?" என்று கணவர் கேட்டார். அவளுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "பொண்ணு பேச்சைக் கேட்டிருக்கலாம்னு சொல்றாருங்க" என்றாள்.

அவர் "ம்" என்றார்.

ஒரு 'ம்' போதாதா? மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னலோரம் நின்றுகொண்டு, பெற்ற பிள்ளையிடம் தோற்றுப்போவதில் என்ன அவமானம் என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். அதற்கடுத்த நாள் மகள் சின்னவளாக இருந்தபோது தோளில் உட்கார வைத்து ரயில் காட்டியதைச் சொல்லி உருகினார். திரையில் அந்த மனுஷன் பாவம், கல் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவள் வாயில் அவர் ஒரு பட்டிமன்றப் பேச்சாளராகவே ஆகிவிட்டார். கணவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். அசைந்து கொடுக்கிறார் என்று அவள் உள்ளுக்குள் குதித்தாள். காதில் பூ சுற்றுகிறோம் என்ற உறுத்தல் கொஞ்சம் இருந்தது. நல்லதுக்குத்தானே என்று அதை ஒதுக்கி வைத்தாள்.

கடைசிப் பாகம் வியாழக்கிழமை வந்தது. சனிக்கிழமை விமானம். இதை விட்டால் வேறு வழியில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மகள் வேலைக்காகத் தூர தேசம் கிளம்புகிறாள். நிலையத்தில் நிற்கப்போகும் கடைசி வண்டி அது. ஸ்டேஷன் மாஸ்டர் சீருடையில் நிற்கிறார், விசில் ஊதுகிறார், விரலை நீட்டுகிறார். வண்டி நகர்கிறது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டு சொல்றாருங்க. நீ சொன்னதுதாம்மா சரி, எம்மேல தப்பு, எப்ப வேணாலும் நம்ம வீட்டுக்கு வான்னு..."

"அவன் வாயே திறக்கல" என்றார் கணவர்.

கோபமே இல்லாத குரல். பிரேக்கில் தேய்மானம் என்று சொல்கிற அதே குரல்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

"அவன் பேசறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு மூச்சு விடுவான். எப்பவும் விடுவான். இப்ப வண்டி போற சத்தம், அப்புறம் காத்து. அவ்வளவுதான் இருந்துச்சு."

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"அவன் தனியா உக்காந்து சாப்பிட்டானே, அன்னிலேர்ந்து. வாய் நிறைய சோத்த வச்சுக்கிட்டு யாராவது அவ்வளவு தெளிவாப் பேசுவாங்களா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊரெல்லாம் காது என்று பேர் வாங்கிய மனுஷனிடம் போய், இல்லாத குரலை இருக்கிறதாகச் சொல்லியிருக்கிறாள். இத்தனை வருஷம் கூட இருந்தும் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்புறம் ஏன் ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்கள் என்று கேட்டாள்.

"நீ ஏதோ எங்கிட்ட சொல்ல வர்றேன்னு தெரிஞ்சுது. என்னிக்காவது நேராச் சொல்லுவேன்னு பாத்தேன்." சற்று நேரம் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி, அத விடு. நெசமா அவன் என்ன பண்ணான்?"

அவள் மறுபடி படத்தை ஓட விட்டாள். இந்த முறை உள்ளது உள்ளபடி சொன்னாள். மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். இவர் அவளைப் பார்க்காமல் சிக்னலையே பார்க்கிறார். வண்டி நகர்கிறது. மகள் திரும்பி உள்ளே உட்கார்ந்துவிடுகிறாள். வண்டி வளைவில் மறைந்த பிறகு இவர் தொப்பியைக் கழற்றுகிறார், இடுப்பு மடிய, தலை முழங்காலுக்கு வருகிற அளவுக்குக் குனிகிறார். நிமிரவே இல்லை. எழுத்து ஒன்றும் ஓடவில்லை.

"வண்டி போனப்புறமா?"

"ஆமாங்க."

"பொண்ணு பாக்கலையா?"

"பாக்கல."

"அப்ப யாருக்குக் குனிஞ்சான்?"

டிவியில் பாட்டு வந்து, பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அவர் முகம் கடுகடுவென்று ஆனது. ஸ்டேஷன் மாஸ்டர் மேல் அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே, அந்த ஆள் மட்டும் எதிரே இருந்திருந்தால் தொப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பார்.

"மடையன்" என்றார். "பொண்ணு நிக்கும்போது நிமிந்து நின்னுட்டு, காலித் தண்டவாளத்துக்குக் கும்பிடு போடறானாம்." பிறகு கையை நீட்டினார். "பாப்பாவுக்குப் போன் போடு."

அவள் அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மணி அடித்தது. "சொல்லும்மா" என்றாள் பாப்பா. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா, அம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அந்தப் பக்கமும் அமைதியாகிவிட்டது. பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரிக்கு நாக்கு துறுதுறுத்தது. அப்பா உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார், கண்ணு, அப்படி இப்படி என்று பத்து வசனம் தயாராக இருந்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். இது அவள் பேச வேண்டிய இடமில்லை.

அவர் மூக்கால் ஒரு மூச்சு விட்டார்.

"சாயங்காலம் போடற சொட்டு மருந்து... உங்கம்மா போட்டா பாதி கன்னத்துல ஒழுகுது" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "நீ சொன்னப்பவே போட்டிருக்கணும்மா. நீ சொன்னதுதான் சரி" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரவில்லை. அவர் தலையைச் சாய்த்து, லிஃப்டுக்குள் நின்று கேட்பது போலக் கேட்டார். அவளும் போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது, முகம் அப்படியே இளகிப்போனது.

"குழாயத் திறந்துட்டா" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

பிறகு போனில், "அழுதது போதும் கண்ணு. குழாய மூடிட்டு வா" என்றார்.