கரைமேல் நின்ற ஓக் மரம்

முதலில் யார் யார் இருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தைத் தடுக்கும் மண்கரைகளைப் பராமரிக்கும் கரை வாரியத்தின் அறையில், இருந்த ஒரே சாய்வு நாற்காலியில், அடுப்பை ஒட்டி, வாரியத் தலைவர் லம்பர்ட். ஜன்னலடி பெஞ்சில் குத்தகை விவசாயி தேவிஸ். முக்காலியில் ஹோர்ன் நகரத்து ஓவியர் ஹைபர்ட். அவர் நழுவிவிடாதபடி வாசலை அடைத்து நின்றவள் தேவிஸின் மனைவி நேல்ச்சே. அவள் உட்காரவே இல்லை. மேஜையில் வாரிய எழுத்தராகிய நான்.

ஆம்ஸ்டர்டாம் மிளகு வியாபாரி பல்தாசர், தேவிஸுக்கு எழுதியதை வாசித்தேன். தேவிஸ் குத்தகைக்கு உழும் நிலத்தைப் பார்க்காமலே வாங்கி, ஹைபர்ட்டை வைத்து ஓவியமாக்கி, வரவேற்பறையில் மாட்டிக்கொண்டவர். இரண்டு வருடம் படத்தைப் பார்த்துவிட்டு, போன வாரம்தான் நிலத்தைப் பார்க்க வந்தார். படத்தில் கரைமேல் ஓங்கி நின்ற ஓக் மரத்தை அங்கே காணோம். ஆகவே தேவிஸ் அதை வெட்டி விற்றுவிட்டாராம். நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாளுக்குள் குடும்பத்தோடு வெளியேற வேண்டுமாம்.

"படத்துல ஒரு குன்றும் இருக்கு, புல்லாங்குழல் ஊதுற மேய்ப்பனும் இருக்கான்," என்றார் தேவிஸ். "அவனையும் நானா வித்தேன்?"

"நான் வந்த அன்னிக்கு ஒரே மழைங்க," என்றார் ஹைபர்ட். "சத்திரத்து ஜன்னல்ல பார்த்தா வெறும் புல்லு, வானம். ஒரு பக்கம் கனமா எதையாவது நிறுத்தலைன்னா படம் சாஞ்சிரும்."

"இப்ப நாங்க சாயுறோம்யா! மரம் என் கற்பனைன்னு ஒரு வரி எழுதிக் குடு," என்றாள் நேல்ச்சே.

"அம்மா, 'அச்சு அசல் என் நிலம்'னு அவர் ஊரையே கூட்டிக் காட்டிட்டாரு. பொய்யின்னு நானே எழுதினா, நாளைக்கு எவன் என்கிட்ட படம் வாங்குவான்?"

"புயல்ல விழுந்துச்சுன்னு எழுதிடலாமா?" என்றார் தேவிஸ்.

"விறகு எங்கடான்னு கேப்பான். சும்மா இருங்க," என்றாள் நேல்ச்சே.

அதுவரை புகைக்குழாயை உறிஞ்சிக்கொண்டிருந்த லம்பர்ட் திரும்பினார். "படத்துல மரம் சரியா எங்க நிக்குது?"

"கரை உச்சியிலங்க. அங்கதான் எடுப்பா இருந்துச்சு," என்றார் ஹைபர்ட்.

"என் கரையிலயா? வேர் போற வழியில தண்ணி வரும்யா! எலி வளையே விட்டுவைக்கமாட்டேன், ஓக் மரத்தையா விடுவேன்?" சற்று யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததை நான் பதினோரு வருடத்தில் முதன்முறையாகப் பார்த்தேன். "கரையில மரம் இருந்தா யார் பொறுப்பு, எழுத்தரே?"

"நிலத்தின் உரிமையாளர். குத்தகைக்காரர் அல்ல. அந்தப் பகுதிக் கரை முழுவதையும் அவரே தோண்டிப் புதிதாகக் கட்டித்தர வேண்டும்."

"எழுதுங்க."

எழுதினேன்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கரையில் ஓக் மரம் நின்றதாகத் தாங்களே தெரிவித்திருப்பது வாரியத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. அது எத்தனை ஆண்டு நின்றது என்று கையொப்பமிட்டு எழுதி, ஆதாரமாக ஓவியத்தையும் அனுப்பவும். விதிப்படி அந்தப் பகுதிக் கரை முழுவதையும் தாங்களே தோண்டிப் புதிதாகக் கட்டித்தர வேண்டியிருக்கும். மரம் இருந்ததே இல்லையெனில், அதையும் தேவிஸின் குத்தகை முன்போலவே தொடரும் என்பதையும் ஒரு வரியில் எழுதினால் போதுமானது."

"படத்தையுமா?" என்றார் ஹைபர்ட்.

"வராதுய்யா. அந்த ஒரு வரிதான் வரும்," என்றார் லம்பர்ட்.

அரக்கை உருக்கி ஊற்றினேன். லம்பர்ட் வாரிய முத்திரையை அழுத்தினார். சூடு ஆறுமுன்பே நேல்ச்சே கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு துறைக்கு ஓடி, ஆம்ஸ்டர்டாம் போகும் மதியப் படகுக்காரன் கையில் கொடுத்தாள்.