ஐந்தாம் வீட்டைக் கடக்கும் சிக்னல்

பருத்திக்கடைத் தெருவில் வைஃபை சிக்னலை வாய் நிறைய ‘வாங்க’ என்று கூப்பிட்டால்தான் வீட்டுக்குள் வரும். கூப்பிடாத வீட்டுப் படியை மிதிக்காது, தாண்டியும் போகாது. மானமுள்ளவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள், சிக்னலை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

தெருவில் ஆறு வீடுகள். கடைசி வீடு தெய்வானையுடையது. அவள் தங்கை பவளத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது; பூனாவில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதில் இருவரும் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட விரல் பாஷை ஒன்று உண்டு. உலகத்தில் அது தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு முகம் பார்த்துப் பேசாவிட்டால் அந்த வாரம் பாஷையில் ஒரு சொல் குறைந்துவிடும். ஊரில் இருந்த ஒரே டவர் காற்றில் சாய்ந்த பிறகு மூன்று ஞாயிறு போயிற்று. முதலில் மோர் போனது, பிறகு அத்தை. மூன்றாவது வாரம் மழை போனது. மழைக்கு விரலை எப்படி வைப்பது என்று கண்ணாடி முன்னால் நின்று யோசித்த தெய்வானை, வராமல் போகவே அழுதாள். அழுது முடித்துவிட்டு ஏணி இரவல் கேட்கப் போனாள்.

முதல் வீட்டில் ஒரு இணைப்பு, ஆறு வீட்டு மாடியிலும் ஆறு பெட்டி, வீட்டுக்கு வீடு சிக்னலைக் கைமாற்றிவிடுவது என்று எல்லோரையும் பேசிச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான். பெட்டிகளை ஏறி மாட்டியவளும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை வெள்ளோட்டம் பார்த்தார்கள். சிக்னல் முதல் வீட்டில் காப்பி குடித்தது. இரண்டாம் வீட்டில் முறுக்கு. மூன்றாம் வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு போட்டதில் அசந்து தூங்கிவிட்டது. தெய்வானை வீடு வீடாகப் போய், ஒரு தம்ளர் தண்ணீருக்கு மேல் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மறுநாள் அது நான்காம் வீடுவரை வந்து, காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்துகொண்டது.

ஐந்தாம் வீட்டு ஆதிமூலம் ‘வாங்க’ சொல்லவில்லை. முருங்கைக் கிளை சுவர் தாண்டி விழுந்த தகராறில், தெய்வானை வீட்டுக்குப் போகும் எதையும் ‘வாங்க’ என்று கூப்பிடுவதில்லை என்று பதினொரு வருடத்துக்கு முன் கருப்பசாமி கோயிலில் சத்தியம் செய்திருக்கிறார். சத்தியத்தை மீறும்படி யாரும் சொல்லவில்லை. அது முறையும் இல்லை.

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் தெய்வானை வெள்ளிக்கிழமை முருங்கை மரத்திடம் பேசினாள்.

“ஞாயித்துக்கிழமை நாலுலருந்து அஞ்சு வரைக்கும் அந்த வீட்ல ஒருத்தர் செத்துக் கெடந்தாப் போதும். சாவு வீட்டுக்குள்ள யாரையும் வாங்கன்னு கூப்பிட மாட்டாக. அவுகளா வந்துட்டு அவுகளாப் போயிருவாக.”

ஆதிமூலம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான்கு பல் உரித்த பிறகு அவரும் மரத்தைப் பார்த்தார்.

“தலைய தெக்க வைக்கணும். கால்கட்டு நூலு பருத்தி நூலா இருக்கணும்.”

நூலை அவளே திரித்துச் சுவர் மேல் வைத்தாள்.

ஞாயிறு நான்கு மணிக்கு ஆதிமூலம் முற்றத்து பெஞ்சில் செத்துப்போனார். சிக்னல் தானாக உள்ளே போய்ச் சற்று நேரம் நின்றது. போய்வருகிறேன் என்று சொல்லாமல் வெளியே வந்தது. துக்க வீட்டிலிருந்து வருகிறவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாதே. தெய்வானை பின்கட்டில் வாளி நிறையத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். படம் ஈரமாகத்தான் வந்தது. பவளத்தின் முகத்தை அவள் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அந்த வாரம் ஒரு சொல்லும் குறையவில்லை. போன மூன்று மட்டும் திரும்பவில்லை. ஐந்தாம் வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று விரலால் சொன்னாள். துக்கத்துக்கு நேரில்தான் வர வேண்டும் என்று பவளம் சொன்னாள். ரயிலில் இடமில்லையாம். ஐந்து மணிக்கு ஆதிமூலம் நூலை அவிழ்த்துவிட்டுத் தலை முழுகப் போனார்.

அடுத்த ஞாயிறும் நான்கு மணிக்குச் சரியாகச் செத்தார். இந்த முறை சிக்னல் அங்கே கூடுதல் நேரம் நின்றது. பிறகு பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் இரண்டு ஆள் குளிக்கிற அளவுக்குக் கேட்டது. தெய்வானை கதவைத் திறந்தாள். தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்டப் பவளம் நின்றிருந்தாள். முகத்துக்கு முன்னால் பத்து விரல்களையும் உயர்த்தி, ஒவ்வொன்றாக இறக்கினாள்.

மழை.

தெய்வானையும் அதையே செய்து பார்த்தாள். வந்துவிட்டது. துண்டை எடுத்துத் தங்கையின் தலையைத் துவட்டிவிட்டாள். மோரும் அத்தையும் பாக்கி இருந்தன. சிக்னலோடு வந்த வழியே திரும்ப இன்னும் முக்கால் மணி நேரம்தான். அவள் வாசலுக்கு வந்து, இன்றைக்குக் கொஞ்சம் கூட நேரம் ஆகும் என்று முருங்கை மரத்திடம் சொன்னாள்.

ஐந்தடித்தது, ஆறடித்தது. செத்தவர் நூலை அவிழ்க்கவில்லை.