ஆட்டம் தெரியாதவர்கள்

"தொட்டுக்க என்ன?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறந்தார் என் கணவர் பட்டாபிராமன். அன்று மாலை வேலை முடிந்து, கார்டன் ரீச்சிலிருந்து ஆற்றைக் கடந்து வந்த படகை விட்டு ஹவுரா பக்கத் துறையில் கால் வைக்கும்போது, படகுக்கும் துறைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் விழுந்து இறந்தார். 2004 அது.

கிரேன் ஓட்டுநர்களின் பயிற்சிக்காக, தலையில் மாட்டும் திரை ஒன்றை அவருடைய கம்பெனி செய்துகொண்டிருந்தது. தலையைத் திருப்பினால் படமும் கூடவே திரும்ப வேண்டும். பிந்தினால் எதிரில் இருப்பதெல்லாம் ஆடும். எவ்வளவு பிந்தினால் கண்ணுக்குத் தெரிகிறது என்று தாங்களே மாட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் தெரிந்தவர் கண் தெளிய அரை மணி உட்கார்ந்த பிறகே வெளியே போகலாம். தெரியாதவர் உடனே கிளம்பலாம். அவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம்.

அன்று அவருக்கு ஆட்டம் தெரியவில்லை. ஆகவே கருவிக்குச் சம்பந்தமில்லை, கவனக்குறைவு என்று கம்பெனி எழுதியது. தினமும் அதே துறையில் இறங்கியவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவருக்குக் கீழே வேலை பார்த்த உத்தமனிடம் போனேன்.

"எனக்கு மாட்டி விடு."

"வேண்டாம் அண்ணி. வாந்தி எடுத்தா நான்தான் துடைக்கணும்."

"துடை."

மாட்டினான். தலையைத் திருப்பினேன். கிரேன், கப்பல், வானம் எல்லாம் ஒரு கணம் தயங்கி, பிறகு வழுக்கிக்கொண்டு வந்தன. கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"ஆடுதே உத்தமா."

"ஆடுதா? காலையிலேர்ந்து போட்டிருந்தேன், பாறை மாதிரி நிக்குது. உங்களுக்குப் புதுசு, அதான்."

"உனக்குப் பழகிப்போச்சு, அதான்னு ஏன் இருக்கக் கூடாது? எழுந்து, வெறுங்கண்ணோட சட்டுனு ஜன்னல் பக்கம் திரும்பு."

சிரித்துக்கொண்டே எழுந்து திரும்பினான். சிரிப்பு நின்றது. கை மேசையைத் தேடிப் பிடித்தது.

"என்ன?"

"ஜன்னல் எனக்கு முன்னாடியே ஓடுது அண்ணி."

"அன்னைக்கு அவர் எவ்வளவு நேரம் போட்டிருந்தார்?"

"நாள் முழுக்க."

"அப்புறம் உட்கார்ந்தாரா?"

"ஆடலைன்னாரே. எதுக்கு உட்காரணும்?" சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் வெளுத்தது.

கருவியோடு அதிகம் பழகிய கண்ணுக்குத்தான் அதற்குள் ஆட்டம் தெரியாது; கழற்றிய பிறகு வெளியே இருப்பதெல்லாம் ஆடும். அந்தக் கண்ணைத்தான் முதலில் வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

உத்தமன் அன்றே மேலே போய்ச் சொன்னான். அதன்பின் எல்லோரையும் உட்கார வைத்தார்கள்.

விபத்து அறிக்கையில் இன்றும் கவனக்குறைவு என்றுதான் இருக்கிறது.