சந்திரனில் களை எடுக்கிறவள்

ருஷ்யாக்காரன் வானத்துக்கு ஆளேற்றி அனுப்பிய வருஷம், நம் ரேடியோ நிலையத்தாருக்கும் சும்மா இருக்க முடியவில்லை. கிராமத்து ஜனங்களுக்கு விஞ்ஞானம் புகட்டியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டு, வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறரை மணிக்கு 'சந்திரனில் சாகுபடி' என்று ஒரு தொடர் நாடகம் போட்டார்கள். மொத்தம் பன்னிரண்டு வாரம். திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் வழியில் இருந்த அந்த ஊரிலும் ஒரு பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் வந்து பேட்டரி மாற்றிவிட்டுப் போனால் ஒரு மாதம் பாடும், அப்புறம் இருமும்.

கேட்டால் மட்டும் போதாதாம். கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்று வாராவாரம் அச்சடித்த பாரத்தில் எழுதியும் அனுப்ப வேண்டுமாம். அதற்காக இருபது பேர் கொண்ட நேயர் மன்றம் ஒன்று வைத்திருந்தார்கள். தலைவர் பெரியதம்பி, ஏரிக்கரைப் பக்கம் பன்னிரண்டு காணி நிலம் உள்ளவர். எழுதுகிற வேலை பள்ளிக்கூட வாத்தியார் தேவநாதனுடையது. இருபது பேரும் ஊர்த்தெருக்காரர்கள், பஞ்சாயத்து ஆபீசுக்குள் ஜமக்காளம் விரித்து உட்காருவார்கள். சேரி ஜனங்களுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டிக் கிடந்த ஜல்லிக் குவியல். கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக்கு இந்தத் தெரு அந்தத் தெரு தெரியாது, எல்லார் காதிலும் ஒரே மாதிரி கத்தும்.

அந்த ஜல்லிமேல் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே, ஒரு வாரம்கூட விடாமல் நாடகம் கேட்டவள் சவுரியம்மாள். பகலெல்லாம் பெரியதம்பி கொல்லையில் களை எடுக்கிறவள். வாய் நீளம் என்று ஊரில் பெயர். வாய் நீளமும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுவாள், அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரம் ராக்கெட் சந்திரனில் இறங்கியது. டாக்டர், இன்ஜினீயர், புரொபசர், போட்டோ பிடிக்கிறவர் என்று பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கண்ணாடிக் கூண்டு போட்டு விதை தெளித்தார்கள். நடுவில் ஒரு பாட்டு வந்தது. பாட்டு முடிவதற்குள் பயிர் முழங்கால் உயரம் வந்துவிட்டது. ரேடியோக்காரன் வெள்ளாமைக்கு மழை எதற்கு, பாட்டே போதும்.

நாடகம் முடிந்ததும் தேவநாதன் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "கருத்து சொல்லுங்க" என்றார்.

"நல்லாத்தான் இருந்துச்சி," என்றார் பெரியதம்பி. "அங்க ஏரிப் பாசனமா, கெணத்துப் பாசனமா?"

"பட்டா யாரு பேர்ல போடுவானுங்க?" என்று நடராசன் கேட்டார்.

"ராக்கெட்டு சத்தம் அப்படியே ரைஸ்மில்லு சத்தம்," என்றார் முருகையன்.

தேவநாதன் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். இதையெல்லாம் எழுதி அனுப்பினால் தன் மானம்தான் போகும் என்று அவருக்குத் தெரியும். அப்போதுதான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சவுரியம்மாள், தன்னோடு களைக்கு வருகிற அம்மணியிடம் பேசியது கேட்டது.

"பன்னெண்டு பேர் போனாங்களே, எல்லாம் படிச்சவங்க. களை எடுக்கிறவ ஒருத்தியும் போவலியே அம்மணி. பயிரு வந்தா களையும்தான வரும்? அங்க யாரு குனியறது?"

தேவநாதன் பேனா தானாக ஓடியது. எழுதி முடித்துவிட்டு வாசலுக்கு வந்தார். "நல்ல பாயிண்டு சவுரியம்மா. ஆனா மெம்பர் இல்லாதவங்க பேர எழுதக் கூடாது, ரூலு," என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய், கருத்து கூறியவர் பெயர் என்ற கட்டத்தில் பெரியதம்பி என்று எழுதினார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. பிள்ளையாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சவுரியம்மாள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டாவது வாரம்தான் வயிறு எரிந்தது. நாடகம் தொடங்குமுன் ரேடியோவில் ஒரு குரல், மன்றத் தலைவர் திரு. பெரியதம்பி அருமையான கேள்வி ஒன்று கேட்டிருக்கிறார் என்று சொல்லி, அவள் சொன்னதை அட்சரம் பிசகாமல் படித்தது. அவளுடைய பேர் எழுத்தில் இருந்த இடம் மாதா கோயில் ஞானஸ்நானப் புத்தகம் ஒன்றுதான். ஓட்டர் லிஸ்டில்கூட மாசிலாமணி சம்சாரம் என்றே போட்டிருந்தான். ஒரு தரம், ஒரே ஒரு தரம், தன் பேரும் அந்தக் கம்பத்திலிருந்து வந்திருக்கலாமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உரித்த மல்லாட்டையும் தோலும் ஒன்றாய்க் கலந்துபோனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

குரல் அத்தோடு நிற்கவில்லை. கேள்வி கேட்ட நேயரைக் கௌரவிப்பதற்காக, சந்திரனுக்கு ஒரு களை எடுக்கும் ஆளை அனுப்புகிறோம், அந்த ஆளுக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறோம் என்றது. உடனே நாடகத்தில் டாக்டர் அதட்டினார்: "ஏ பெரியதம்பி! களை எடுத்தாச்சா?"

"இதோ ஆச்சுங்க எஜமான்!"

ஆபீசுக்குள் யாரும் பேசவில்லை. ஜல்லிமேல் யாரும் சிரிப்பை அடக்கவில்லை. அரை மணி நேரத்தில் புரொபசர் தண்ணீர் கேட்டார், இன்ஜினீயர் மண்வெட்டி கேட்டார், போட்டோ பிடிக்கிறவர்கூட "டேய் பெரியதம்பி" என்றார். மறுநாள் கொல்லையில் பெரியதம்பி வரப்பில் வந்து நின்றதும், களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் தேவநாதனைக் கூப்பிட்டு, "அந்தக் கேள்விய நான் கேக்கலன்னு எழுதிப் போடு. கேட்டவ பேரையே போட்டுத் தொலை. ஜல்தி," என்றார்.

தேவநாதன் வெயிலில் வரப்போடு நடந்து வந்தார். "சவுரியம்மா, ஒம் பேரயே எழுதிடறேன்," என்றார்.

சவுரியம்மாள் நிமிர்ந்தாள். கையில் களைக்கொத்து. "மெம்பர் இல்லாதவங்க பேர எழுதக் கூடாதுன்னு சொன்னீங்களே வாத்தியாரே. ரூலு என்னாச்சி?"

தேவநாதன் பேனா மூடியைத் திருகினார்.

"மெம்பராக்கிட்டு எழுதுங்க. அப்பதான் எழுதலாம்."

இதைப் போய்ச் சொன்னதும் பெரியதம்பி ஒரு வெற்றிலை போடுகிற நேரம் யோசித்தார். வரப்பில் பார்த்த முந்தானைகள் ஞாபகம் வந்திருக்கும். "சேத்துக்க," என்றார். அடுத்த வியாழக்கிழமை சவுரியம்மாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். ஜமக்காளத்தில் இடமில்லை என்று நடராசன் நன்றாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். தேவநாதன் கதவோரம் ஒரு ஓலைத்தடுக்குப் போட்டார். தடுக்கோ ஜமக்காளமோ, படிக்கு உள்ளேதான் இருந்தது. அவள் உட்கார்ந்தாள்.

பத்தாவது வாரம் திருத்தம் வந்தது. பெரியதம்பி சரக்கு ராக்கெட்டில் ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று நாடகத்தில் ஒரு வரி. பெரியதம்பி பெருமூச்சு விட்டார். பதிலுக்கு வேறு ஆள் இறங்கியது. "உன் பெயர் என்னம்மா?" என்று டாக்டர் கேட்டார். "சவுரியம்மாளுங்க." கம்பத்திலிருந்து அவள் பேர் ரோடு தாண்டி ஏரிக்கரை வரைக்கும் போனது. ஜல்லிமேலிருந்து அம்மணி, "சவுரி, ஒன்னியதான்!" என்று கத்தினாள். சவுரியம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு வாரம் அவள் சந்திரனில் களை எடுத்தாள். ஒழுங்காகத்தான் எடுத்தாள், ஒரு குறை சொல்ல முடியாது.

பன்னிரண்டாவது வாரம் நாடகம் முடிந்தது. அறுவடை ஆயிற்று. பன்னிரண்டு பேரும் மூட்டைகளோடு ராக்கெட்டில் ஏறினார்கள். ஏணியிலிருந்து டாக்டர், "சவுரியம்மா, அடுத்த பயிர் வரைக்கும் வயலைப் பார்த்துக்கொள்!" என்றார். "ஆகட்டுங்க!" என்றது அந்தக் குரல். ராக்கெட் ரைஸ்மில் சத்தத்தோடு கிளம்பிப் போனது. வாத்தியம் வாசித்தார்கள்.

"அருமையான முடிவு," என்றார் நடராசன். முருகையன் தலையாட்டினார். தேவநாதன் கடைசிப் பாரத்தை எடுத்தார்.

"எழுதிக்கங்க வாத்தியாரே," என்றாள் சவுரியம்மாள். "வேலைக்கு ஏத்திக்கினு போனவங்க, வூட்டுக்கும் ஏத்திக்கினு வரணும்."

பெரியதம்பி சிரித்தார். "அதான் நாடகம் முடிஞ்சிபோச்சே சவுரி. இனிமே யாரு போயி ஏத்திக்கினு வர்றது?"

"நாடகம்தான் முடிஞ்சிது ஆண்டே," என்றாள் அவள். "நான் இன்னும் அங்கதான நிக்கிறேன்."

தேவநாதன் எழுதினார். பெயர்க் கட்டத்தில் இந்தத் தடவை ரூலைப் பார்க்காமலே சவுரியம்மாள் என்று போட்டார்.