அகலமான குழாய்

அன்று ஆய்வுக்கூடத்தின் பாம்பறையில் வழக்கமாக உதவுகிறவர் விடுப்பு. வேறு வழியின்றி, தவளைப் பிரிவிலிருந்த நாத்தனாரைக் கூப்பிட்டாள் அவள். இருவருக்கும் வீட்டில் ஒரே சமையலறை. கொஞ்ச நாளாகப் பேச்சு மட்டும் இல்லை.

"தவளைன்னா உள்ளங்கையில உட்கார்ந்தே அளவு குடுத்துடும் அண்ணி. இது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது," என்றாள் நாத்தனார், கதவோரமாகவே நின்று.

"நீ பாம்பைத் தொட வேண்டாம். டேப்பை வச்சு மூக்கு நுனியிலேர்ந்து கழிவுத் துளை வரைக்கும் நீளம் பாரு, போதும். வாலைத் தனியா எடுத்துக்கலாம். அது சிலதுக்கு அறுந்திருக்கும், நம்ப முடியாது."

பாம்பைத் திரும்பவிடாமல் பிடிப்பதற்கான பிளாஸ்டிக் குழாய்க்குள் விரியன் சாதுவாகத்தான் நுழைந்தது. பாதி உடல் உள்ளே போனதும் அவள் குழாயின் வாயையும் பாம்பையும் சேர்த்து இறுகப் பிடித்தாள். தலை உள்ளே, வால் வெளியே. இனி அதனால் திரும்ப முடியாது.

டேப்பை நீட்டிய நாத்தனாரின் கை அப்படியே நின்றது.

"அண்ணி. தலை இந்தப் பக்கம் வருது."

பாம்பு கழுத்தை மடித்து, தன் உடம்பின் மேலேயே ஊர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அவள் ஓர் அளவு பெரிய குழாயை எடுத்துவிட்டிருந்தாள். விட்டால் காலடியில் விழும். விடாவிட்டால் விரலுக்கு வந்துவிடும்.

"டிரம்மு..." கதவோரம் இருந்த, பாம்பு போட்டு மூடும் டிரம்மை நோக்கித் தலையை ஆட்டினாள்.

கதவுப் பக்கம் காலடிச் சத்தம். ஓடிவிட்டாள் என்றே நினைத்தாள். பிறகு தரையில் ஏதோ உரசியது. பெரிய டிரம் ஒன்று அவள் முழங்காலில் வந்து இடித்தது.

"குழாயோட போடுங்க."

"விரலு பிரியமாட்டேங்குது."

"என்னைப் பாருங்க. அதைப் பாக்காதீங்க."

நாத்தனார் அவள் முழங்கையில் ஓங்கித் தட்டினாள். குழாயும் பாம்பும் டிரம்முக்குள் விழுந்தன. இருவரும் மூடியை அழுத்தி அதன் மேலேயே சாய்ந்தார்கள். உள்ளே குக்கர் போலச் சீறல்.

மூடியின் கொக்கிகளை மாட்டியதும், நாத்தனார் அவள் கையை விளக்கடிக்கு இழுத்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். பல் பட்ட தடம் இல்லை. மறுபடியும் பார்த்தாள்.

"அண்ணன்கிட்ட போய் என்ன சொல்லியிருப்பேன் நான்?"

"உங்கண்ணனா? கரப்பான்பூச்சிக்கே நாற்காலி மேல ஏறுற ஆளு."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், கண்ணீர் வந்துவிட்டது. தரையிலேயே உட்கார்ந்தாள்.

மறுநாள் ஒல்லிக் குழாயில் அளந்தார்கள். பிடித்த கையும் நடுங்கியது, டேப் வைத்த கையும் நடுங்கியது. மூன்று தடவை அளந்ததில் மூன்று அளவு வந்தது.

"நடுவுல இருக்கறதைப் போட்டுக்கோங்க," என்றாள் நாத்தனார், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.