அம்மாவுக்கு வந்தது

என் அம்மா பச்சையம்மாளை இந்த ஊர் சாமி என்றது. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க எழுந்து போனவள், மலை சுற்றும் பாதையில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். தனக்குத்தானே பேசினாள், சிரித்தாள். அவள் திட்டினால் நல்லது நடக்கும் என்று எவனோ கிளப்பிவிட, ஜனம் வரிசையில் நின்று வசை வாங்கியது. ஒரு பாவியும் டாக்டரிடம் காட்டவில்லை. மார்கழிக் குளிரில் செத்துப்போனாள். அதற்கும் மாலை போட்டார்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இப்போது 1982ஆம் வருஷம். எனக்கு முப்பத்திரண்டு வயது, அம்மா எழுந்து போன அதே வயது. பத்து நாளாகத் தூக்கமில்லை. குழாயடியில் யாரோ என் பெயரைச் சொல்லித் திட்டுவது கேட்கிறது, திரும்பினால் ஆளில்லை. முந்தாநாள் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டேன், சத்தமாக. தெருவே பார்த்தது.

நேற்று பால் பொங்கி வழிந்தும் மாமியார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை.

இன்று காலை அவர் குளித்து, ஈரப் புடவையோடு, தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு என் முன்னால் வந்தார்.

"பச்சையம்மா சாமியே ஒம்மேல எறங்கியிருக்கு, உண்ணாமலை. எம்புள்ளைக்கு வேல பர்மனென்ட் ஆவுமா? ஒரு வார்த்த சொல்லு தாயே" என்று தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் காலில் விழுந்தார்.

அந்த முதுகைப் பார்த்தேன். ஐயோ, எவ்வளவு சுலபம்! சிரித்தால் போதும். இனி சமைக்க வேண்டாம், துவைக்க வேண்டாம். அலுத்துப்போன உடம்பு, உட்கார் என்றுதான் சொன்னது.

பள்ளிக்கூடப் பையோடு வந்த என் மகள் வேதா, பாட்டி கும்பிடுவதைப் பார்த்துத் தானும் என்னைப் பார்த்துக் கை குவித்தாள்.

குனிந்து மாமியாரைத் தூக்கினேன். "சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்தே. எங்கம்மாவுக்கு வந்த நோவு எனக்கும் வந்திருக்கு. பயமாயிருக்கு. என்னய வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"பேரு கெட்டுடும்டி. நாளைக்கு இவள யாரு கட்டுவான்?"

"இவளுக்கும் வந்தா? இவளையும் மரத்தடில உக்கார வெச்சிக் கும்புடுவீங்களா?"

வேதா இன்னும் கையை இறக்கவில்லை. மாமியார் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுப் போய், குவிந்திருந்த அந்தச் சின்னக் கைகளைப் பிரித்துவிட்டார்.

"எட்டரைக்கு ஒரு பஸ்ஸு இருக்கு. பொடவய மாத்து, நானும் வர்றேன்" என்றார்.