ஹவில்தாரும் ஆண் ஈக்களும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஹவில்தார் சிவனணைந்தபெருமாள், ஆய்க்குடித் தோப்பில் ஒரு தேன்பெட்டி வைத்தார். குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்களிடம் தேன் நன்றாக விலைபோகும்.

வேலைக்கார ஈக்களின் ஒழுங்கு அவருக்குப் பிடித்துப்போயிற்று. பிறந்ததும் அறை துடைத்தன. பிறகு குஞ்சுகளுக்கு ஊட்டின. அப்புறம் வாசலில் காவல். கடைசியில் பூ பூவாய் அலைந்து, சிறகு கிழிந்து செத்தன. ஆண் ஈக்கள்தான் கண்ணை உறுத்தின. கறுப்பாய், தடியாய் பிறந்து, தேனைக் குடித்துவிட்டு மத்தியானம் ஊர் சுற்றின. கொடுக்குக்கூடக் கிடையாது.

"தண்டச்சோறு!" என்று வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் நசுக்கினார்.

"நீங்களும் பென்சன் வாங்கிட்டு சும்மாதான இருக்கிய? நான் நசுக்குதனா?" என்றாள் மனைவி ஆவுடைத்தாய்.

அதோடு விட்டாரா? பக்கத்துத் தோப்பு பீர் மைதீனின் பெட்டியிலிருந்தும் ஆண் ஈக்கள் வந்து தின்கின்றன என்று சண்டை போட்டார். மைதீன் பெட்டியைக் கடையத்துக்கு, மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

மாசியில் ஹவில்தாரின் கிழட்டு ராணி செத்தது. வேலைக்கார ஈக்கள் சாதாரணக் குஞ்சு ஒன்றுக்குத் தங்கள் வாயில் சுரக்கும் பாலையே ஊட்டி ஊட்டிப் புது ராணியாக்கின. ஆனால் முட்டையைத்தான் காணோம். தென்காசிக் கடைத்தெருவில் எதிர்ப்பட்ட மைதீனிடம் மனமில்லாமல் கேட்டார்.

மைதீன் சிரித்துவிட்டார். "அது ஆகாசத்துல பறந்து ஆண் ஈயோட சேரணும் அண்ணாச்சி. மாப்பிள்ளைகளைப் பூராவும் நசுக்கிட்டியளே! நம்ம பக்கத்துல வேற பெட்டி ஏது? நாள் தள்ளிப்போனா சேராமலே முட்டை போடும். அதுல பொறக்கது அம்புட்டும் ஆண் ஈதான். பொறவு பெட்டி முழுக்கத் தண்டச்சோறு!"

ஹவில்தாரின் முகம் தொங்கிப்போயிற்று. யாரிடமும் இறங்கிப் போய் அவருக்குப் பழக்கமில்லை.

"வண்டி நான் பிடிக்கேன், பாய். பெட்டிய பழைய எடத்துலயே வச்சிரும்."

"சண்டைக்கு வர மாட்டியளே?"

"மாட்டேன்வே!"

பெட்டி வந்து சேர்ந்தது. வெயில் சுள்ளென்று ஏறிய ஒரு மத்தியானம் ராணி வெளியே பறந்தது. ஹவில்தார் சாப்பிடப் போகவில்லை. ராணி திரும்பி வந்தபோது அதன் வாலில் வெள்ளை நூல்போல ஒன்று ஒட்டியிருந்தது. சேர்ந்ததற்கு அடையாளம் அதுதான் என்று மைதீன் சொல்லியும் அவர் நம்பவில்லை. ஆண் குஞ்சு இருக்கும் அறையென்றால் மூடி மேடிட்டிருக்கும். இரண்டு வாரம் கழித்து, அடையில் தட்டை தட்டையாய் மூடிகளைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார்.

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து தடியன் ஒருவன் பறந்து வந்து அவர் பெட்டிக்குள் நுழைந்தான்.

"ஏங்க, உள்ள போவுது பாருங்க," என்றாள் ஆவுடைத்தாய்.

"போவட்டும்ட்டி. பசிச்சிருக்கும்."